ஹோல்டனைக் கப்பலேற்றுவது எப்படி?

“அண்ணே, என் கமடோரை ஊருக்கு எடுத்துட்டுப் போகலாமா?”

மெல்போர்னில் என் மேஜைக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். ஹோல்டன் என்பது ஆஸ்திரேலியக் கார் கம்பெனி, கமடோர் அதன் கார். ஊர் என்றால் சென்னை, கோயம்புத்தூர், சில சமயம் யாழ்ப்பாணம். முடியாது தம்பி என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பழைய கார் இந்தியாவுக்குள் நுழைய வேண்டுமானால் அது தயாராகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. சிங்கப்பூரிலும் சாதாரணப் பழைய கார்களுக்கு அதே மூன்று வருடக் கணக்குதான். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு 2016 அக்டோபர் 7-இல் கார் தயாரிப்பை நிறுத்திக் கடையைக் கட்டியது. டொயோட்டா 2017 அக்டோபர் 3-இல், ஹோல்டன் அதே மாதம் 20-இல். இனி எந்த ஆஸ்திரேலியக் காரும் மூன்று வயதுக்குள் இருக்கப் போவதில்லை. ஆசையை அங்கேயே இறக்கி வைத்துவிட வேண்டியதுதான்.

நான் ஆல்டோனாவில் டொயோட்டா ஆலையில் கேம்ரிக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தவன். ஒரே லைனில் வலப்பக்க ஸ்டியரிங் வண்டி ஒன்று வரும், பின்னாலேயே வளைகுடா நாடுகளுக்குப் போகிற இடப்பக்க ஸ்டியரிங் வண்டி வரும். மாட்டுகிறவன் கண் அசந்தால் போச்சு. ஆலை மூடிய பிறகு, சரக்கு அனுப்பும் சின்ன அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். அப்போது புதிய கார்களை ஆயிரக்கணக்கில் அனுப்பும் நாட்டில் இருந்தேன், இப்போது பழைய கார்களை ஒவ்வொன்றாக அனுப்புகிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் போய்ச் சேரும் நாடு, அப்புறம்தான் வண்டி

பலரும் தலைகீழாகச் செய்வார்கள். நல்ல விலைக்கு ஒரு வி8 என்ஜின் வண்டி கிடைத்துவிட்டது என்று வாங்கிவிட்டு, எங்கே விற்கலாம் என்று என்னைக் கேட்பார்கள். எந்த நாடு என்ன வயது வண்டியை உள்ளே விடும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

பிரிட்டன் நமக்கு வசதியான நாடு. அங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம், ஹெட்லைட் மாற்ற வேண்டியதில்லை. பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஐவிஏ என்ற தனிப்பட்ட வாகனத் தகுதிச் சோதனை கிடையாது, எம்ஓடி என்ற வழக்கமான ஆண்டுச் சோதனை மட்டும் போதும். ஆக 2017-இல் உருண்ட கடைசி விஎஃப் மாடல் கமடோர்கூட 2027-இல் அந்தத் தலைவலியிலிருந்து தப்பித்துவிடும். ஆனால் இரண்டு சின்ன வேலை இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் மைல் கணக்கில் காட்ட வேண்டும், பின்பக்கம் சிவப்பு ஃபாக் லைட் இருக்க வேண்டும். இங்கே கட்டாயம் இல்லாததால் நம் வண்டிகள் பலவற்றில் அந்த விளக்கு இருக்காது. பம்பருக்குக் கீழே ஒன்றை மாட்டி, டாஷ்போர்டில் சுவிட்ச் வைப்பது ஒரு அரை நாள் வேலை. இங்கேயே செய்துவிட்டு அனுப்பினால் அங்கே அலைச்சல் மிச்சம்.

வரி என்று பார்த்தால் சாதாரணமாக 10 சதவீதச் சுங்கம், அதற்கு மேல் 20 சதவீத வாட். 2023 மே 31 முதல் அமலில் இருக்கும் ஆஸ்திரேலிய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தப்படி ஆஸ்திரேலியத் தயாரிப்பு என்று முறையாக நிரூபித்தால் சுங்கம் விலகலாம். ஆனால் ஹோல்டன் ஆலையே இல்லாத காலத்தில் அந்தச் சான்றை எந்த வடிவில் ஏற்பார்கள் என்பதை அங்குள்ள ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 30 வயதைத் தாண்டி, மாற்றம் செய்யாமல் மூல நிலையிலேயே இருக்கும் வண்டி என்றால் கதையே வேறு: சுங்கம் இல்லை, வாட் 5 சதவீதம். ஒருவர் குடிபெயர்ந்து போகிறார், குறைந்தது 12 மாதம் பிரிட்டனுக்கு வெளியே வாழ்ந்திருக்கிறார், வண்டி ஆறு மாதத்துக்கு மேல் அவர் கையில் இருந்திருக்கிறது என்றால் குடிபெயர்வுச் சலுகையில் வரியே இல்லாமல் போகலாம். என் நண்பர் ஒருவர் லண்டனுக்கு மாறியபோது தன் 2010 விஇ எஸ்எஸ் கமடோரை அப்படித்தான் கொண்டு போனார். அனுமதிக் கடிதத்தைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிட்டார். அந்த வண்டியை ஒரு வருடத்துக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. வண்டி இறங்கி 14 நாளுக்குள் நோவா என்ற வரி அறிவிப்பைப் பதிய வேண்டும். அதை மறந்தால் நம்பர் பிளேட் கிடைக்காது.

அமெரிக்கா நேர்மாறு. அங்கே வண்டி கிழடாக இருந்தால்தான் மரியாதை. 25 வருடம் நிறைந்த வண்டிக்குப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு. 21 வருடம் நிறைந்து, என்ஜின் மூல நிலையில் இருந்தால் மாசு விதிகளிலிருந்தும் விலக்கு. எச்எஸ்-7 என்று ஒரு படிவம், 3520-1 என்று இன்னொன்று. வாங்குகிறவர் கலிபோர்னியாவாசி என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். 1976 மாடலையும் அதற்குப் பிந்தைய வண்டிகளையும் அந்த மாநிலம் தன் சொந்த மாசு விதியால் சல்லடை போடும்.

அமெரிக்கர்களுக்கு நம் யூட் மேல் தீராத மோகம். முன்பாதி கார், பின்பாதி தொட்டி. அங்கே அப்படி ஒன்று இல்லாமல் போய் பல காலம் ஆகிவிட்டது. 2008-இல் போன்டியாக் என்ற அமெரிக்கப் பெயர் ஒட்டி ஹோல்டன் யூட்டை விற்கப் போவதாக நியூயார்க் கண்காட்சியில் காட்டினார்கள், 2009 ஜனவரியில் கைவிட்டுவிட்டார்கள். அந்த ஏக்கம்தான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. 1999-இல் வந்த ஃபோர்டு ஃபால்கன் ஏயூ யூட், 2000 இறுதியில் வந்த ஹோல்டன் வி-யூ யூட் எல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக 25 வயதைத் தொடுகின்றன. ஆனால் வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. தொட்டி இருப்பதால் அதைச் சரக்கு வண்டியாகக் கணக்கெடுப்பார்கள். அமெரிக்காவில் 1964 முதலே இறக்குமதிச் சரக்கு வண்டிக்கு 25 சதவீத வரி. 2005-இல் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய-அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் அதை நம் தயாரிப்புக்கு நீக்கியது என்றாலும், 2025-இலிருந்து அந்த நாட்டு வரிப் பட்டியல் அடிக்கடி மாறிக்கொண்டிருக்கிறது. போன மாதம் கேட்ட விகிதத்தை நம்பி விலை பேசாதீர்கள்.

நியூசிலாந்து பக்கத்து வீடு. அங்கே பழைய காரைப் பதிய இஎஸ்சி, அதாவது வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு, கேட்பார்கள். 2006-இல் வந்த விஇ கமடோரில் அது எல்லா மாடலிலும் இருக்கிறது, அதற்கு முந்தையவற்றில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று, ஹோல்டனும் ஃபால்கனும் அங்கே புதிதாகவே ஏராளமாக விற்றவை. சாதாரண மாடலை அனுப்பிக் காசு பார்க்க முடியாது.

தகட்டைப் படியுங்கள்

போனட்டில் ஹோல்டனின் சிங்கச் சின்னம் இருப்பதால் மட்டும் அது ஆஸ்திரேலியத் தயாரிப்பு ஆகிவிடாது. 2018-இல் வந்த இசட்பி கமடோர் ஜெர்மனியில் செய்தது. வின் எண் என்பது வண்டியின் அடையாள எண். 17 எழுத்து வின் எண்ணின் முதல் எழுத்து 6 என்றால் ஆஸ்திரேலியா. 6ஜி1 ஹோல்டன் (2002 இறுதிக்கு முந்தையது என்றால் 6எச்8), 6எஃப்பி ஃபோர்டு, 6டி1 டொயோட்டா. வெளிநாட்டில் வாங்குகிறவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

அடுத்து தேதி. போனட்டைத் திறந்தால் இரண்டு தேதி கண்ணில் படும். ஒன்று வண்டி தயாரான மாதம். இன்னொன்று கம்ப்ளையன்ஸ் பிளேட் என்கிற தகட்டில் இருக்கும் மாதம், அது ஆஸ்திரேலிய விதிகளுக்குப் பொருந்துகிறது என்று முத்திரை வைத்த மாதம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் 25 வருடம் முதல் தேதியிலிருந்து எண்ணப்படும். டெக்சாஸ்காரர் ஒருவர் வாங்கிய ஏயூ யூட்டில் தயாரிப்பு 8/00, கம்ப்ளையன்ஸ் 9/00. ஆகஸ்டில் எந்த நாள் என்று தகட்டில் இல்லை. கிடைத்த கப்பல் 2025 ஆகஸ்ட் நடுவில் போய்ச் சேரும் என்றார்கள். வாங்கியவருக்கு அவசரம். நான் அந்தக் கப்பலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏற்றினேன். ஒரு வாரம் முன்னால் போய் இறங்கி, துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு வாடகை கட்டுவதைவிட ஒரு மாதம் இங்கே கொட்டகையில் நிற்பது மலிவு. இரண்டு தகடுகளையும் வெயில் பிரதிபலிக்காமல், ஒவ்வொரு எழுத்தும் தெரிய, கிட்டத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

படம் எடுப்பதோடு, எழுதும்போதும் கவனம் வேண்டும். வின் எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரக்கு ரசீதில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ அடித்துவிட்டேன். வண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது, காகிதத்தில் இருக்கும் வண்டி வேறு என்று சொல்லிவிட்டார்கள். திருத்தி அனுப்பி விடுவிக்க ஒன்பது நாள். கிடங்கு வாடகையை என் கூலியிலிருந்து கொடுத்தேன். அன்றிலிருந்து வின் எண்ணை நான் வாசிக்க, பக்கத்து மேஜைப் பெண் தட்டச்சு செய்வாள், அவள் திரும்ப வாசிக்க நான் படத்தைப் பார்ப்பேன்.

எச்எஸ்வி, அதாவது ஹோல்டனின் வேக மாடல், என்று விளம்பரம் போட்டு விற்பவற்றில் சாதாரண கமடோருக்குப் பம்பரும் ஸ்டிக்கரும் மாட்டியவை கணிசம். எச்எஸ்வியின் சொந்தத் தகடும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘வேறு ஒருவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்’ என்று விற்பவர் நழுவினால் நாமும் நழுவிவிடுவது நல்லது.

கடன், கல்நார், ரெஜோ

நம் ஊர் ஆர்சி புத்தகத்தில் கடன் இருந்தால் வங்கியின் பெயரே அச்சாகியிருக்கும். இங்கே அப்படி இல்லை. விக்டோரியாவில் ரெஜோ பேப்பர், அதாவது வண்டிப் பதிவுத் தாள், உரிமைச் சான்றே கிடையாது. அதனால் பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டில் வின் எண்ணைப் போட்டுத் தேட வேண்டும். அரசு இணையதளத்தில் இரண்டு டாலர்தான். அதே போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பல மடங்கு வாங்கும், ஏமாந்துவிடாதீர்கள். கடன் பாக்கி இருக்கிறதா, திருட்டு வண்டியா, விபத்தில் அடிபட்டுத் தள்ளுபடி செய்ததா என்று மூன்றும் தெரிந்துவிடும். பணம் கொடுக்கும் அன்றைக்கே தேடுங்கள். போன வாரத்துச் சான்று போன வாரத்துக்குத்தான்.

பழைய வண்டிக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அதை ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவரத்தான் தடை என்று நினைப்பார்கள். வெளியே அனுப்பவும் தடை. 2003 இறுதியில் முழுத் தடை வருவதற்கு முன் செய்த வண்டிகளில் பிரேக் லைனிங், கிளட்ச், என்ஜின் கேஸ்கெட் ஆகியவற்றில் அது இருக்கக்கூடும். எழுபதுகளின் ஹோல்டன் கிங்ஸ்வுட் போன்ற வண்டி என்றால் முன்கூட்டியே பார்த்து, சந்தேகப் பாகங்களை உரிய ஆளை வைத்து மாற்றி, ரசீதையும் சோதனை அறிக்கையையும் கோப்பில் வையுங்கள். நீங்களே தேய்த்து, ஊதிப் பார்க்க வேண்டாம். மிக அரிய பழைய வண்டி, குறிப்பாகப் பந்தய வரலாறு உள்ளது என்றால், 1986-ஆம் ஆண்டின் பண்பாட்டுப் பொருள் பாதுகாப்புச் சட்டப்படி ஏற்றுமதி அனுமதி தேவைப்படலாம். கேட்டுவிட்டு விற்பது நல்லது.

ரெஜோவை ரத்து செய்துவிட்டுப் பிளேட்டைக் கொடுத்தால் மீதி மாதத்துக்கான பணம் திரும்ப வரும். ஆனால் சீக்கிரம் ரத்து செய்துவிட்டால் துறைமுகத்துக்கு ஓட்டிப்போக முடியாது, டோ டிரக்குக்குக் காசு அழ வேண்டும். வண்டியை ஒப்படைக்கும் நாளில் பிளேட்டைக் கழற்றுவதுதான் சரியான கணக்கு. ஸ்க்ரூ டிரைவரை டிக்கியில் விட்டுவிடாதீர்கள், அதுவும் ஒரு பொருள்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெட்டியா, ரோரோவா?

ரோரோ என்றால் வண்டியை ஓட்டியே கப்பலுக்குள் ஏற்றிக் கட்டிவிடுவார்கள். மெல்போர்னில் வெப் டாக்கின் மேற்குப் பக்கம் அதற்கான இடம். சிட்னிக்காரர்களுக்கு போர்ட் கெம்ப்லா. கட்டணம் கன மீட்டர் கணக்கு. உதாரணத்துக்கு விஇ கமடோர் செடான்: நீளம் 4.894, அகலம் 1.899, உயரம் 1.476. பெருக்கினால் 13.7 கன மீட்டர். ரூஃப் ரேக், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டோ பார் எல்லாவற்றுக்கும் சேர்த்து அளப்பார்கள். டோ பார் நாக்கைக் கழற்றிவிட்டால் காசு மிச்சம். ஆனால் ரோரோவில் வண்டிக்குள் வேறு எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. சாவி வண்டியிலேயே இருக்கும், பலர் ஏறி இறங்குவார்கள். டிக்கியில் மாமியாருக்குப் புடவை வைத்தால் புடவை போய்விடும், வண்டியையும் நிறுத்திவிடுவார்கள்.

விலை உயர்ந்த வண்டி, உதிரிபாகம் சேர்த்து அனுப்புவது என்றால் பெட்டி, அதாவது கன்டெய்னர்தான். 20 அடிப் பெட்டியின் உள் அகலம் 2.35 மீட்டர். கமடோரின் அகலம் 1.9. இரண்டு பக்கமும் ஆளுக்கு 22 சென்டிமீட்டர் மிஞ்சும். கதவு திறக்காது. அதனால் கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளே ஓட்டி, ஜன்னல் வழியாக நெளிந்து வெளியே வர வேண்டும். என் வயிறு இப்போது ஒத்துழைப்பதில்லை, ஒல்லியான பையனை அனுப்புகிறேன். அவன் வெளியே வந்த பிறகு கையை உள்ளே விட்டுச் சாவியை எடுக்கிறான். பவர் விண்டோ ஏறாது என்பதால் ஜன்னலைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டுகிறோம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அடிக்கும் மரக்கட்டையில் சூடேற்றிப் பதப்படுத்திய முத்திரை இருக்க வேண்டும். கொல்லையில் கிடந்த பழைய கட்டையை வைத்தால் அடுத்த நாட்டில் பூச்சி ஆபீசர் பெட்டியைத் திருப்பிவிடுவார். டேங்கில் கால் பங்குக்கும் குறைவாகப் பெட்ரோல், பேட்டரி வயர் கழற்றி டேப் சுற்றியிருக்க வேண்டும். எரிபொருள் உள்ள வண்டி கடல் விதிப்படி ஆபத்தான சரக்கு, ஒன்பதாம் வகுப்பு. ஏஜென்ட் அதற்கான தாளைத் தருகிறாரா என்று கேளுங்கள்.

கழுவுதல்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நியூசிலாந்து பூச்சிக்கும் மண்ணுக்கும் நடுங்குகிற நாடு. கார்வாஷில் ஷாம்பூ போட்டுப் பளபளக்க வைத்தால் போதாது. போனட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றுங்கள். பத்து வருடத்து யூகலிப்டஸ் இலை அங்கே மக்கி உரமாகியிருக்கும். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே புல் விதை. ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் அடியில் மணல். சீட்டைத் தள்ளும் ரெயிலில் பிஸ்கட் தூளும் எறும்பும். யூட் என்றால் தொட்டியின் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டாயம் எடுக்க வேண்டும். அதற்கடியில் ஒரு தனித் தோட்டமே இருக்கும்.

ஒருமுறை ஒரு ஃபால்கனின் பின் சக்கரத்துக்கு உட்புறம் டார்ச் அடித்தபோது பஞ்சு உருண்டை போல இரண்டு வெளிர் நிறப் பந்து, மொச்சைக் கொட்டை அளவு. ரெட்பேக் சிலந்தியின் முட்டைப் பை. தாயார் முதுகில் சிவப்புக் கோட்டோடு ரிம்முக்குள் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்காமல் ஆக்லாந்துக்கு அனுப்பியிருந்தால் புகை போடும் செலவு யார் தலையில் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அதனால் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிவிட்டேன். கழுவி முடித்தபின் புல்வெளியில் நிறுத்தாதீர்கள். சிமெண்ட் தரை, மூடிய கொட்டகை.

காகிதம்

2,000 டாலருக்கு மேற்பட்ட சரக்கு என்றால் கப்பலேறும் முன் எல்லைப் படையின் கணினியில் ஏற்றுமதி அறிவிப்பு பதிந்து, இடிஎன் என்ற எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் துறைமுக வாசலில் வண்டியை எடுக்க மாட்டார்கள். நீங்களே பதியலாம், ஆனால் ஒரு வண்டிக்காகப் படிப்பதைவிட உரிமம் பெற்ற சுங்க புரோக்கரிடம் கொடுத்துவிடுவது மேல். சுங்கப் பட்டியலில் கார் 8703, யூட் பெரும்பாலும் 8704 என்ற தலைப்பில் வரும். மதிப்பு எஃப்ஓபி, அதாவது கப்பலில் ஏற்றும் வரை ஆன விலை. வாங்குகிறவர் வரிக்காகக் குறைத்துக் காட்டச் சொல்வார், சொல்லாத ஆள் அபூர்வம். மறுத்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கேட்கும்போது அந்தக் குறைந்த விலைதான் கைக்கு வரும். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி என்றால், பணமோ பில்லோ எது முதலோ அதிலிருந்து 60 நாளுக்குள் வண்டி நாட்டை விட்டுப் போனால் அந்த விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை. கப்பல் தள்ளிப் போகும் காலத்தில் அந்த 60 நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

பணம் முழுதும் கணக்கில் ஏறும் வரை சரக்கு ரசீதின் அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் வண்டி. ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. வந்துவிட்டது என்று வங்கி சொன்ன பிறகு அசலைக் கூரியரில் அனுப்புங்கள். அதே உறையில் இரண்டாவது சாவியையும், ரேடியோவின் ரகசிய எண்ணை எழுதிய துண்டுச் சீட்டையும் போட்டுவிடுங்கள். பேட்டரியைத் திரும்ப மாட்டினதும் பல பழைய ரேடியோக்கள் அந்த எண்ணைக் கேட்கும்.